லாலி என்று பேர் வெட்டிய டம்ளர்

ஆமா தம்பி, அந்தக் கடைதான். லைப்ரரில மாட்டியிருக்கற படத்துல பாத்தியளே, அந்த டம்ளர் இருந்த கடை இதேதான். வாசல்ல நின்னு எட்டி எட்டிப் பாக்காம உள்ள வந்து உக்காருங்க. ஆவுடை மெஸ்ஸுன்னு போர்டு போட்டிருக்குல்லா, அந்த ஆவுடை நான்தான். ஒளிஞ்சா போயிட்டேன்? காலையில ஏழு மணிக்குக் கடையத் திறந்து வச்சுக்கிட்டு இங்கனயேதான் உக்காந்திருக்கேன். கேக்கணும்னு நினைக்கிறவுக நேர வந்து கேக்கலாம். இந்த ஹூஸ்டன்ல இத்தனை தமிழாளுக இருக்காக, முதுகுக்குப் பின்னால பேசுனாகளே தவிர ஒருத்தரும் வந்து கேக்கலை. நீங்க ஒருத்தர்தான் வாயத் திறந்து கேட்டிருக்கிய. அதனால சொல்லுதேன்.

காபி குடிப்பியள்லா? பேப்பர் கப்பைப் பாத்து மூஞ்சியச் சுளிக்காதிய. போன வருசம் வரைக்கும் இந்தக் கடையில ஸ்டீல் டம்ளர், டபராதான். இப்ப எல்லாருக்கும் பேப்பர் கப்பு. அது எங்க அத்தான் பண்ணுன ஏற்பாடு. அத்தான்னா என் வீட்டுக்காரக, பிரமநாயகம்னு பேரு. அந்தா கல்லாவுல கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டுத் தூங்குதாக பாருங்க, அவுகதான். எல்லாருக்கும் பேப்பர் கப்புன்னு ஆக்கிட்டா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னாக. இருந்த டம்ளரையெல்லாம் பெட்டியில போட்டுக் கெட்டி மேல ஏத்திட்டாக. பேப்பர்ல ஊத்துனா அது காபியா? எனக்குத் தொண்டையில இறங்காது. இருங்க, நான் என் டம்ளர்ல ஊத்திக்கிடுதேன். நீங்க தப்பா நினைக்காதிய.

மொதல்ல ஒண்ணு சொல்லிப்புடுதேன். நான் யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலை. அந்தப் படத்தைப் பாத்துட்டு நீங்க என்ன நினைச்சு வந்திருந்தாலும் சரி, அதை வாசல்லயே விட்டுட்டுக் கேளுங்க.

அவ பேரு எவ்லாலியா. குவாத்தமாலாக்காரி. மெக்சிகோவுக்குக் கீழ இருக்கற நாடு. நம்ம ரோட்டுல இந்தப் பக்கம் பூரா நம்மாளுக கடை, தாண்டி அந்தப் பக்கம் அடுக்கு வீடு பூரா அவுகாளுக. வேலைக்கு ஆள் வேணும்னு கண்ணாடியில ஒட்டி வச்சிருந்தேன், வந்து நின்னா. அந்தப் பேர் என் நாக்குல நிக்கலை. அன்னைக்கே லாலின்னு வச்சுட்டேன். நல்ல பேரு. நம்மூர்ல கல்யாண வீட்டுல பாடுவாகள்லா. அவளுக்கும் பிடிச்சுதுதான். பிடிக்கலைன்னு ஆறு வருசத்துல ஒரு நாளும் சொன்னதில்ல.

ஆறு வருசம் தம்பி. இந்தக் கடை மாவு அவ கையாலதான். நான் அளவு சொன்னதெல்லாம் மொத மாசம்தான். அப்புறம் அவளே உளுந்தைத் தொட்டுப் பாத்து, போதும் அக்கா, இன்னும் ஆட்டுனா சூடு ஏறிரும்னுவா. அப்படியே நம்ம பேச்சு. எங்கூடவே கெடந்து கெடந்து திருநெல்வேலித் தமிழ் பேசுவா. தொட்டுக்கிடுததை வெஞ்சனம்பா, பாத்திரத்தை ஏனம்பா. வந்து சாப்பிடுத சென்னைக்காரங்களுக்கு அவ பேசுதது புரியாது, எனக்குச் சிரிப்பாணி தாங்காது. அவ கை பட்டா மாவு பொங்கும். அப்படி ஒரு கை. சொதிக்குத் தேங்காப்பால் எடுக்கணும்னா அவதான். அவியல் கிண்டணும்னா அவதான். நான் சும்மா மேல நின்னு உப்புப் பாப்பேன்.

இந்தா, அந்த டம்ளர் விசயத்துக்கு வாரேன். எதுக்கு அவசரம்?

எங்க வீடு சுத்த சைவம். முட்டை கூட வாசப்படி ஏறாது. அவ கறி திங்கிறவ. மாடு, பன்னி எல்லாம். அது அவ பழக்கம், நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா நம்ம ஏனத்துல வாய வச்சுக் குடிச்சா எனக்கு ஒப்பாது. அதனால வந்த அன்னைக்கே அவளுக்குன்னு ஒரு டம்ளர், ஒரு தட்டு எடுத்து வச்சேன். புறவாசல் கதவுக்கு வெளிய சுவத்துல அத்தான் ஒரு பலகை அடிச்சுக் குடுத்தாக. அதுல இருக்கும். குடிப்பா, அவளே கழுவுவா, அங்கனயே கவுத்துவா. இதுல என்ன இருக்கு? நம்ம பக்கத்துல எந்த வீட்டுல இல்ல?

எனக்கே இருந்துச்சு தம்பி. கேட்டா சிரிப்பிய. கல்யாணமாகி எங்க மாமியார் வீட்டுக்குப் போன புதுசுல, மாசத்துல மூணு நாள் எனக்குன்னு ஒரு அலுமினிய டம்ளர். புறவாசல்லதான் இருக்கும். அதுல தூக்கி ஊத்துவாக, கையில படாம. நான் என்ன செத்தா போனேன்? மொத தடவை அழுதேன், அது உண்மை. வாய்க்காலைப் பாத்து உக்காந்துக்கிட்டு அப்படி அழுதேன். அப்புறம் பழகிருச்சு. எல்லாம் பழகிரும்.

ஆனா ஒரு சங்கடம் வந்துச்சு. அவளோட டம்ளரும் ஸ்டீல், கடை டம்ளரும் ஸ்டீல். ஒரு நாள் கூட்டத்துல மாறிப்போச்சு. எது அவளுது, எது நம்மளுதுன்னு தெரியலை. எனக்கு மூணு நாள் சோறு இறங்கலை. அந்த வருசம் எங்க அண்ணன் மக கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். டவுன் ரதவீதியில பாத்திரக்கடை. வாங்குத ஏனத்துல பேர் வெட்டித் தருவாகள்லா, என் கல்யாணத்துச் சீர்ப் பாத்திரம் பூரா ஆவுடைன்னு வெட்டியிருக்கும். அங்கன வச்சுத்தான் எனக்கு யோசனை வந்துச்சு. ஒரு டம்ளர் எடுத்து லாலின்னு வெட்டச் சொன்னேன். இனி மாறாதுல்லா.

கொண்டுவந்து குடுத்தேன். என்ன அக்கா இது எழுத்துன்னா. உன் பேருன்னேன். என் பேரா, இந்தியாவுல போய் என் பேரை எழுதிக் கொண்டுவந்தியளான்னா. என்ன சொல்லச் சொல்லுதிய? ஆமா, உனக்குத்தான் வாங்கியாந்தேன், வச்சுக்கோன்னேன். அவ பாட்டுக்கு அழுதுட்டா. அந்த எழுத்தை விரல வச்சுத் தடவித் தடவிப் பாக்கா. ரெண்டு எழுத்துக்கு அப்படி ஒரு அழுகை. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. சந்தோசமா இருக்கறவகிட்டப் போய் இல்ல, இதுக்குத்தான் வெட்டுனேன்னு சொல்லவா முடியும்?

நான் ஜாதி பாக்குறவ இல்ல தம்பி. அதை யாரும் சொல்லிர முடியாது. அவ பிள்ளைக்குக் காய்ச்சல்னா ரசம் வச்சுக் குடுத்து விட்டிருக்கேன். அவ தங்கச்சி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில போய் உக்காந்திருக்கேன். ஜாதி பாக்குறவ செய்வாளா? ஆமா, உங்களுக்கு எந்த ஊரு? சங்கரன்கோயிலா! நம்ம பக்கம்தான். சங்கரன்கோயில்ல எந்தத் தெரு? அட, சும்மாதான் கேட்டேன். சொல்ல வேண்டாம்னா விடுங்க.

அந்தப் படத்துக்குக் காரணமான போட்டோ கிளாஸ் எப்படி வந்துச்சுன்னா, அந்த லைப்ரரில பத்ரீசியான்னு ஒரு பொண்ணு. அவ அம்மா அப்பா மெக்சிகோவுல இருந்து வந்தவுக, இவ இங்கனயே பிறந்து வளந்தவ. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறவுக கையில ஆளுக்கொரு கேமராவக் குடுத்து, உங்க பொழப்பை நீங்களே படம் எடுங்க, வெளியாளு வந்து எடுத்தது போதும்னுட்டா. வாரவாரம் திங்கக்கிழமை. நமக்குத் திங்கக்கிழமை கடை லீவு. லாலி வந்து கேட்டா, அக்கா நான் சேரட்டுமான்னு. பேஷா சேருன்னு நான்தான் சொன்னேன். அதையும் எழுதிக்கோங்க. அனுப்புனதே நான்தான்.

அதுக்கப்புறம் கடையில ஒரே கூத்து. கொதிக்கற சாம்பாரைப் படம் எடுக்கா, கிரைண்டர் கல்லைப் படம் எடுக்கா, அத்தானோட செருப்பைப் படம் எடுக்கா. ஏட்டி, மனுசாளை எடுக்க மாட்டியான்னேன். கிளாஸ்ல நிறையப் பேர் மூஞ்சி தெரியக்கூடாதுங்காக அக்கா, இந்த நாட்டுல இருக்கறதுக்குக் காகிதம் சரியில்லாதவுக இருக்காக, பயப்படுதாக. அதனால பொருளை எடுப்போம், கையை எடுப்போம், மூஞ்சி வேண்டாம்னு பேசி வச்சிருக்கோம்னா. எனக்கென்ன பயம், நான் சிட்டிசன், என்னை எடுன்னேன். மஞ்சள்ல அரக்குப் பார்டர் போட்ட பட்டுச் சேலையக் கெட்டிக்கிட்டு அடுப்படியில நின்னேன். எடுத்தா. அந்தா கல்லாவுக்கு மேல மாட்டியிருக்கு பாருங்க, அதுதான். ஒரு குறை சொல்ல முடியுமா? பத்து வயசு குறைஞ்சுல்லா இருக்கேன்.

கடைசியில எல்லாப் படத்தையும் லைப்ரரில மாட்டப் போறோம், இந்த ஊர்ல என்னுடையதுன்னு எதைச் சொல்லுவேன்னு ஆளுக்கு ஒரு படம் பெருசா போடுவாகன்னா. எந்தப் படத்தைட்டி நீ குடுத்திருக்கன்னேன். சிரிச்சா. வந்து பாருங்க அக்கா, உங்களுக்குப் பிடிக்கும்னா. நான் என்ன நினைப்பேன், நீங்களே சொல்லுங்க. பட்டுச் சேலையக் கெட்டிக்கிட்டு நின்னவ நான். ஆறு வருசம் கூடவே நின்னவ நான்.

தமிழ்ச்சங்கத்துல ஒரு வீடு விடாம போன் பண்ணுனேன். லைப்ரரில என் படம் மாட்டுதாக, வாங்கன்னேன். சனிக்கிழமை மத்தியானம் கடைய அடைச்சேன். ஆமவடை இருநூறு சுட்டேன். அதே பட்டுச் சேலை. படத்துல இருக்கறவதான் இவன்னு தெரியணும்லா. பன்னெண்டு குடும்பம் வந்துச்சு. வடைத் தூக்கோட முன்னால நான், பின்னால அவுக எல்லாரும்.

உள்ள நுழைஞ்ச உடனே எதுக்க சுவத்துல ஆளுயரத்துக்கு அந்த டம்ளர்.

நீங்கதான் பாத்திருக்கியளே. காலை வெயிலு அதுமேல விழுந்து அப்படி மின்னுது. படம் நல்லா இருந்துச்சு. அதை நான் மறைக்க மாட்டேன். புறவாசல் கதவு, குப்பைத் தொட்டி ஓரம், சுவத்துப் பலகை, அதுல கவுத்துன டம்ளர், அதுல தலைகீழா லாலின்னு தமிழ் எழுத்து. கீழ அட்டையில அவ பாஷையிலயும் இங்கிலீஷ்லயும் எழுதியிருக்கு. இது என் டம்ளர். இந்த ஊர்ல என் பேர் எழுதியிருக்கற மொதப் பொருள் இதுதான்.

வெள்ளைக்காரங்களுக்கு என்ன தெரியும்? அழகா இருக்கு, அழகா இருக்குன்னுட்டுப் போறாக. என் பின்னால நின்ன பன்னெண்டு குடும்பத்துக்கும் தெரியும். ஒரு அம்மா இருமுனாக. ஒருத்தர் பிள்ளைக்கு மூக்கைத் துடைச்சு விடுதாரு, அந்தப் பிள்ளைக்கு மூக்கே ஒழுகலை. அவுக என்னமோ யோக்கியம் மாதிரி! அந்தப் பன்னெண்டு வீட்டுலயும் வீடு துடைக்க வாரவளுக்குத் தனியா ஒரு கப்பு இருக்கத்தான் செய்யும். எனக்குத் தெரியாதா? சிங்க்குக்கு அடியில சோப்புப் பாட்டிலுக்குப் பின்னால இருக்கும். நான் பேர் வெட்டி வச்சிருந்தேன், அவுக வெட்டலை. அம்புட்டுதான் வித்தியாசம்.

சங்கத்துப் பொருளாளர் மக நிறைமதின்னு ஒரு பொண்ணு, காலேஜ் படிக்கா. அவதான் வாயத் திறந்தா. ஆன்ட்டி, இது ஏன் வெளிய இருக்குன்னு கேட்டா. சத்தமா. காத்தோட்டமா இருக்கட்டும்னுதான்னேன். உள்ள இருக்கற டம்ளருக்கெல்லாம் காத்து வேண்டாமா ஆன்ட்டின்னா. அவ அம்மா அவ கையப் பிடிச்சுக் கிள்ளுதாக, அது நிறுத்தவா செய்யும்?

அந்நேரம் லாலி ஓடியாரா. அவுக ஊர் நெசவுப் பாவாடை, தலையில ரிப்பன், ஒரே சிரிப்பு. அக்கா பாத்தியளான்னு என்னைக் கெட்டிப் பிடிச்சா. கையப் பிடிச்சு இழுத்துக் கொண்டுபோய் அந்தப் படத்துக்கு முன்னால நிறுத்தி, எல்லாரையும் கூப்பிட்டு, அவ பாஷையில என்னமோ சொல்லுதா. பத்ரீசியா இங்கிலீஷ்ல சொன்னா. இவுகதான் அந்தக் கடைக்காரம்மா, இந்தியாவுக்குப் போனப்ப எவ்லாலியாவ நினைச்சு அவ பேரை வெட்டிக் கொண்டுவந்தவுகன்னு. கைதட்டுதாக தம்பி. மண்டபம் பூரா கைதட்டுது. நம்மாளுக பன்னெண்டு குடும்பம் மட்டும் கையக் கெட்டிக்கிட்டு நிக்கி. நான் வடைத் தூக்கைப் பிடிச்சுக்கிட்டு நடுவுல நிக்கேன்.

என்னத்துக்கு இப்படி ஒரு அவமானம் எனக்கு? நான் யாரையும் அடிச்சேனா, பட்டினி போட்டேனா?

பத்ரீசியாவத் தனியாக் கூப்பிட்டு, இந்தப் படத்தைக் கழட்டு, என் கடைச் சுவரு, என் டம்ளர், என்னைக் கேக்காம எப்படி மாட்டலாம்னேன். படம் எவ்லாலியாவோடது, அவ சொன்னாக் கழட்டுதேன்னா. சரின்னு லாலிகிட்டப் போனேன். ஏட்டி, இது வேண்டாம், எடுத்துரு, நான் சேலையோட நிக்கற படத்தை மாட்டுன்னேன். ஏன் அக்கான்னா. நல்லா இல்லைன்னேன். எல்லாரும் நல்லா இருக்குங்காகளே அக்கா, ஏன்னா.

எனக்கு வாய் ஓயாதுன்னு எங்க அத்தான் சொல்லுவாக. அன்னைக்கு அந்த ஏனைக் கேட்டுட்டு வடைத் தூக்கு மூடியத் திறந்து திறந்து மூடுதேன். நிக்கேன். அவ என் வாயவே பாத்துக்கிட்டு நிக்கா.

நிறைமதிக்கு ஸ்பானிஷ் தெரியும், பள்ளிக்கூடத்துல படிச்சாளாம். தனி டம்ளர்னா நம்மாளுக மத்தியில என்ன அர்த்தம்னு அவ வந்து சொன்னா. மெதுவாத்தான் சொன்னா, அதைக் குறை சொல்ல மாட்டேன். லாலி முழுசும் கேட்டா. நடுவுல ரெண்டு கேள்வி கேட்டா. அப்புறம் படத்தைத் திரும்பிப் பாத்தா. அந்தப் பலகையப் பாத்தா, குப்பைத் தொட்டியப் பாத்தா. அவ எடுத்த படம்தான், ஏதோ இப்பத்தான் மொதல்ல பாக்குத மாதிரி பாத்தா.

நெசமா அக்கான்னு என்னைக் கேட்டா. நம்ம தமிழ்ல.

இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்பியிருப்பா. அவ்வளவு நம்பிக்கை என் மேல. ஆனா நான் பொய் சொல்லுத குடும்பத்துல பிறக்கலை. தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். அவ போய் ஒரு நாற்காலியில உக்காந்துட்டா. நான் வடைய அங்கன வச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். ஒரு வடைய ஒருத்தரும் தொடலைன்னு அப்புறம் கேள்விப்பட்டேன். அந்த வடை என்ன பாவம் பண்ணுச்சு?

ஞாயித்துக்கிழமை அவ வரலை. திங்கள் லீவு. செவ்வாக்கிழமை காலையில ஆறு மணிக்கு வந்துட்டா. பாருங்க, நான் நினைச்சேன், எல்லாம் சரியாப் போச்சுன்னு. வழக்கம்போல அரிசியக் களைஞ்சா, கிரைண்டரைப் போட்டா, சட்னி அரைச்சா. பத்து மணிக்கு எங்க ரெண்டு பேருக்கும் காபி நேரம். நான் ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். அவ புறவாசலுக்குப் போனா, பலகையில இருந்த டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள வந்தா. அது உள்ள வந்தது அன்னைக்குத்தான் மொத தடவை. டிகாக்ஷன் ஊத்தி, பால் ஊத்தி, எனக்குப் பிடிச்ச மாதிரி சீனி கம்மியாப் போட்டு, நல்லா ஆத்தி, நுரையோட கொண்டுவந்து எனக்கு முன்னால வச்சா.

குடிங்க அக்கான்னா.

உன் டம்ளருட்டி, நீ குடின்னேன்.

பரிசுன்னு சொல்லித்தான குடுத்தியன்னா. நீங்க குடுத்த பரிசுல நீங்க ஒரு வாய் குடிக்கக் கூடாதா?

நீ கறி திங்கிறவ, எங்க பழக்கம் உனக்குத் தெரியாதான்னேன். அதுக்கு அவ கேக்கா, கடைக்கு வாரவுக எல்லாம் கறி திங்காதவுகளா அக்கா? ரெண்டு கடை தள்ளி கோழி தின்னுட்டு வந்து இங்கன காபி குடிக்கற வெள்ளைக்காரன் டம்ளரை நான்தான கழுவுதேன்? அது உள்ளதான இருக்கு? நான் சொன்னேன், அவுக கஸ்டமருட்டின்னு. சரியான பதில்தான? அவ சிரிச்சா. நல்ல சிரிப்பு இல்ல.

என் கை ஆட்டுன மாவைத் தின்னுதிய. என் கை பிழிஞ்ச பாலைக் குடிக்கிய. ஒரு வாய் அக்கா. குடிச்சா நான் இருக்கேன்.

அத்தான் அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு, குடிச்சிரேன் ஆவுடைன்னாக. அவுகளுக்கு எல்லாம் லேசு. என்னை ஒருத்தி நிறுத்தி வச்சுக் குடின்னு சொல்லி நான் குடிக்கணுமா? என் கடையில? அம்பத்தெட்டு வயசுல? எனக்குப் பரீட்சை வைக்காளா அவ? நான் அசையலை. அவளும் அசையலை. காபி மேல ஆடை கட்டுத வரைக்கும் நின்னா தம்பி. அப்புறம் முன்னால கெட்டியிருந்த துணிய அவுத்தா, நாலா மடிச்சு ஸ்டூல் மேல வச்சா.

அவளுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தப்ப மொதல்ல சொல்லிக் குடுத்தது இதுதான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது போறேன்னு சொல்லக் கூடாது, போயிட்டு வாரேன்னு சொல்லணும். ஆறு வருசம் ஒரு நாள் தப்பாம சொல்லுவா. புறவாசல்ல நின்னு, போயிட்டு வாரேன் அக்கான்னு. அன்னைக்கு, போறேன்னா. சொல்லிட்டு முன்வாசல் வழியாப் போனா. மேசைக்கு மேசை கஸ்டமர் சாப்பிட்டுக்கிட்டு இருக்காக, அவுக நடுவுல நடந்து போனா.

போகட்டும்னு விட்டேன். நான் எதுக்குக் கூப்பிடணும்?

மறுவாரம் லைப்ரரிக்குப் போனேன். எப்படியும் படத்தைக் கழட்டியிருப்பா, கோவத்துல கிழிச்சுக்கூடப் போட்டிருப்பான்னு நினைச்சுப் போனேன். படம் அங்கனயேதான் இருக்கு. கீழ அட்டையத்தான் மாத்தியிருக்கா. நீங்க படிச்சியளே, அது ரெண்டாவது எழுதுனது. என் பேர் எவ்லாலியா. இந்த டம்ளர்ல இருக்கறது என் பேர் இல்ல, டம்ளரும் என்னுடையது இல்ல. படம் என்னுடையது. அம்புட்டுதான். என் பேரை எழுதலை. கடை பேரை எழுதலை. எழுதியிருக்கலாம்லா? எழுதலை. அதுவே எனக்கு ஆத்திரமா இருக்கு. எழுதியிருந்தா நானும் ரோட்டுல நின்னு நாலு வார்த்தை ஏசியிருப்பேன்.

அவ போனதுக்கு அப்புறம் ரெண்டு பேரை வச்சுப் பாத்தேன். ஒருத்திக்கும் மாவு பொங்கலை. இப்ப நான்தான் ஆட்டுதேன். இட்லி கொஞ்சம் கல்லாத்தான் இருக்குன்னு சொல்லுதாக. இருந்தா இருக்கட்டும். பிடிச்சவுக வந்து சாப்பிடட்டும்.

திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை போய்ப் பாத்துட்டுத்தான் வாரேன். படத்தை எடுத்துட்டாகளான்னு பாக்க. வேற எதுக்கு? அந்தப் படத்துக்கு எதுக்க ஒரு பெஞ்சு கெடக்கு, அதுல உக்காருவேன். கண்ணாடிக் கதவு வழியா கிளாஸ் நடக்கறது தெரியும். இப்ப அவதான் புது ஆளுகளுக்குச் சொல்லிக் குடுக்கா. கேமராவ இப்படித் திருப்பு, வெளிச்சத்துக்கு எதுக்க நின்னு எடுக்காதன்னு கையக் கைய ஆட்டிச் சொல்லுவா. மெலிஞ்சுதான் போயிட்டா. என்னைப் பாத்திருக்கா. ஒரு தடவை இல்ல, ரெண்டு மூணு தடவை பாத்திருக்கா. வெளிய வரலை. நானும் உள்ள போகலை. அவளுக்கு அம்புட்டு வீம்பு இருந்தா எனக்கு எம்புட்டு இருக்கும்!

நீங்க அந்த கிளாசுக்குத்தான் திங்கக்கிழமை உதவிக்குப் போறியளா? கழுத்துல கேமராவப் பாத்த உடனே நினைச்சேன். அப்ப அவளைப் பாப்பிய.

என்ன, என் டம்ளரையே பாத்துக்கிட்டு இருக்கிய? கைய எடுத்தாத்தான் தெரியும், இந்தா பாருங்க. ஆமா. அதுதான். மத்ததெல்லாம்தான் பெட்டிக்குள்ள மேல கெடக்குன்னேன்லா. இது ஒண்ணுதான் பெட்டிக்குள்ள போகாம வெளிய கெடந்துச்சு. ஏணி போட்டு ஏற எனக்கு முட்டி ஒத்துழைக்காது. அதனால இதுல குடிக்கேன். வேற ஒண்ணும் இல்ல. நான் செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிட்டுக் குடிக்கேன்னு நினைச்சிராதிய. அவ சொல்லி நான் குடிக்கலை. ஒருத்தரும் சொல்லாம, நானா, எனக்குத் தோணுச்சு, குடிக்கேன். எட்டு மாசமா இதுலதான் குடிக்கேன். ஒண்ணும் ஆயிரலை. எப்பவும் போலத்தான் இருக்கு.

அவகிட்டப் போய்ச் சொல்லுவியளோ? சொல்லுங்க, எனக்கென்ன. ஆனா ஆவுடை சொல்லி விட்டான்னு சொல்லக் கூடாது. காபி குடிக்கப் போனேன், நானாப் பாத்தேன்னு சொல்லுங்க. நம்ப மாட்டா. அவ நம்ப மாட்டா, எனக்குத் தெரியும். ஒருக்க நம்புனதே போதும்னு இருப்பா.

அந்தக் கேமராவ எடுங்க. ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போங்க. பேர் முன்னால தெரியுதா? காபி கொஞ்சம் மிச்சம் இருக்கு, அதுவும் தெரியட்டும், அப்பத்தான் குடிக்கேன்னு தெரியும். கையும் டம்ளரும் போதும் தம்பி. மூஞ்சி வேண்டாம். பயந்துக்கிட்டு ஒண்ணும் சொல்லலை. இன்னைக்குத் தலை சீவலை, அதான்.